பட்டியலில் இல்லாத கண்ணாடிப் பாத்திரம்

அன்பு மகள் ப்ரிட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே மினசோட்டாவில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்திக்கொண்டு வலிக்கிறது. அங்கே அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். இதைப் போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்பும்போது, என்னென்ன பரிசு வேண்டும் என்று கடையில் எழுதிவைத்த பட்டியலில் இல்லாமல் வந்த கல்யாணப் பரிசையெல்லாம் சர்ச்சின் பழைய சாமான் சந்தைக்குக் கொடுத்துவிடச் சொன்னாய் அல்லவா? ராய் மாமா தந்த பாடம் பண்ணிய மீன் நாலு மாதமாக வாயைப் பிளந்துகொண்டு நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏரிப் பனியில் ஓட்டை போடும் துளைப்பான் இரண்டு வந்ததே, ஒன்றை அப்பா ஒளித்துவைத்துக்கொண்டார், கேட்டால் மாப்பிள்ளைக்குத்தான் என்கிறார். மிச்சத்தைப் போன சனிக்கிழமை வண்டியில் ஏற்றினேன். அதோடு அந்தப் பழைய கண்ணாடிப் பாத்திரமும். ஓரம் சில்லுப் போய், துண்டில் சுற்றி, கொடுத்தவர் பேர்கூட இல்லாமல் வந்ததே, எந்தக் கஞ்சப் பிசினாரி கொடுத்தது என்று நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே, அதுதான். சந்தையில் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் லவோன் விலைச்சீட்டு ஒட்ட அதைக் கவிழ்த்தாள். கவிழ்த்தவள், ஏன்டி வெர்னிஸ், உன் பாத்திரத்தை நீயே விக்க வந்திருக்கியே, அவ்வளவு பஞ்சமா என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். பார்த்தால் அடியில் பழுப்பேறிய ஒட்டு நாடா, அதில் என் கையெழுத்தில் என் பேர்.

அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விருந்துக்கோ சாவு வீட்டுக்கோ கொண்டுபோகிற பாத்திரத்தில் பேர் ஒட்டாத பெண் நம் ஊரில் உண்டா? நான் கொடுத்ததில் திரும்பி வராதது ஒன்றே ஒன்று. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏரியில் பனி உடைந்து சித்தப்பா போனாரே, அன்றைக்கு உன் ஆர்டிஸ் சித்திக்குச் சமைத்து எடுத்துப்போனது. அவள் அடுப்படியிலேயே நின்றுகொண்டு, ஐஸ் இளகுற மார்ச் மாசத்துல ஏரி மேல வண்டி ஓட்டுனா வேறென்ன ஆகும் என்று யாரிடமோ சொன்னேன். பின்னால் என் தங்கை நின்றிருந்தாள். அன்றோடு பேச்சு அறுந்தது. என் வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல? அழைப்பு அனுப்பியும் உன் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலு நாளாக அந்தப் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். போனை எடுக்கிறேன், வைக்கிறேன். வாங்கிய பாத்திரத்தை நம் பக்கத்தில் யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள், திருப்பினால் உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். கல்யாண நாள் பார்த்தா இப்படி மூஞ்சியில் அடித்தாள் என்று குமுறிக்கொண்டே இருந்தேன். இன்று காலை காப்பி குடிக்கும்போது அப்பாவிடம் புலம்பினேன். மனிதர் பேப்பரைக் கீழே வைத்தார். வெறுமையா இல்லையே, அதுல ருபார்ப் தண்டு போட்ட இனிப்பு இருந்துச்சே, வண்டியில சாமான் ஏத்துறவங்களுக்கு சர்ச்சுல வச்சதுன்னு நெனச்சேன், ஏலக்காய் வாசனையா நல்லா இருந்துச்சு, நானே ஆறு துண்டு தின்னேன், மிச்சத்தை மாப்பிள்ளைத் தோழனுங்களுக்குக் குடுத்துட்டு, காலிப் பாத்திரத்தை அதோட துண்டுலயே சுத்தி பரிசுங்களோட வச்சேன் என்றார். ருபார்பில் ஏலக்காய் போடுகிறவள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உன் சித்தி ஒருத்திதான். இவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. நாலு மாதம்! பாவம் ஆர்டிஸ், தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருப்பாளே, ஒரு நன்றிக் கார்டுகூட நம்மிடமிருந்து போகவில்லையே.

இன்றே அவளுக்குக் கார்டு எழுது. கையால் எழுது. இனிப்பு அருமை என்று எழுது, பொய்யில்லை, அப்பா சாட்சி. நாம் சிரித்ததை மட்டும் எழுதித் தொலைக்காதே. காட்டரிசியும் கோழியும் போட்டு அதே பாத்திரத்தை ஓவனில் வைத்திருக்கிறேன், வெந்ததும் நேரே அவள் வீட்டுக்குத்தான். கதவைத் திறப்பாளோ மாட்டாளோ, தெரியவில்லை. அந்தப் பழைய நாடாவ உரிச்சிடேன், அசிங்கமா இருக்கு என்றார் அப்பா. உரித்துவிட்டேன். ஆனால் புது நாடாவில் என் பேரைப் பெரிதாக எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். பேர் இருந்தால்தானே அவள் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கார்டை மறந்துவிடாதே.

எந்நேரமும் உன் நினைவோடு,
அம்மா வெர்னிஸ்