யாருமில்லை என்று அழுத்தினேன்

நாள் 311 — 08:20
இதைப் படிக்கிறவருக்கு வணக்கம். நான் வேலம்மாள், விண்வெளியில் இந்தப் பனிக்கல் சுரங்கத்தின் சமையல்காரி. ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. பதிவு எழுதுவது என் வீட்டுக்காரர் அழகுவேலின் வேலை. எட்டு மணிக்கு அவர் துளைக் கருவியைப் பார்க்க வெளியே போய்விட்டார். உடுப்பில் ஏழு மணி நேரக் காற்று. எங்களைத் தவிர இங்கே ஆள் கிடையாது.

கதவைத் திறந்து மூடும் சிப்புக்குப் பூமியில் நிரல் எழுதும் பெண் ரோஸ்லின் புது லைப்ரரி, அதாவது புது நிரல் தொகுப்பு, அனுப்பியிருந்தாள். கூடவே நீளமாக ஒரு விளக்கம். யார் படிப்பது? 'சரி' அழுத்தி ஏற்றிவிட்டேன். மற்றபடி எல்லாம் நலம். ரசம் வைத்தாயிற்று.

11:50
இவர் வண்டி வருகிறது. வழக்கமான விளையாட்டைத் தொடங்கிவிட்டேன். கல்யாணத்தன்று இவர் தங்கை வாசலை மறித்து, புருஷன் பெயரைச் சொன்னால்தான் விடுவேன் என்று என்னைப் படுத்தினாள். அதற்குத்தான் இப்போது பழி வாங்குகிறேன். சிப்பில் இவர் பெயருக்கு எதிரே 'யாருமில்லை' என்று மாற்றிவிடுவேன். இவர் வெளியே நின்று கெஞ்சுவார். பிறகு பெயரைத் திரும்பப் போடுவேன்.

"ஏட்டி வேலு, கதவத் தொற. பசிக்கி."
"யாருங்க அது? இங்க அப்படி யாருமே கெடையாதே!"
"ஒன் பேச்சுக்கு ஆடுத பயதான். தொற தாயி."

12:06
பெயரைப் போட்டேன். சிப் ஏற்க மறுக்கிறது. நான்கு முறை. ரோஸ்லினுக்குச் செய்தி அனுப்பினேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். இவர் இன்னும் நான் விளையாடுகிறேன் என்றே நினைக்கிறார்.

12:51
ரோஸ்லின்: "வேலக்கா, 'யாருமில்லை'ன்னு போட்டீங்களா? பழைய லைப்ரரியில அதுவும் வெத்து இடமும் ஒண்ணுதான். புதுசுல அது தனி மதிப்புக்கா. ஆள் இறந்துட்டா போடுறது. போட்டதும் அவர் சாவியைச் சிப் அழிச்சிரும். பழையதை முழுசா ஏத்துங்க. மூணு மணி நேரம் ஆகும். இப்பவே தொடங்குங்கக்கா."

புரிந்தது. பந்தியில் ஆள் வராத இலை வெறுமையாகக் கிடக்கும், காத்திருப்போம். நான் இலையையே எடுத்துவிட்டேன்.

12:54
ஏற்றத் தொடங்கினேன். 15:54க்கு முடியும். இவர் காற்று 15:00 வரை. அசையாமல் கிடந்தால் இன்னும் அரை மணி. கதவு வெளியே நிற்பவர் சாவிக்குத்தான் திறக்கும்; உள்ளிருந்து என்னால் திறக்க முடியாது. சரக்குக் கதவுக்கும் இதே சிப். காற்று உருளைகள் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் என் பக்கம்.

13:30
இவரிடம் சொல்லிவிட்டேன்.
"ஏட்டி, அழுவாத. நான் படுத்துக்கிடுதேன். நீ பேசு. நான் பேசுனா காத்து செலவாவும்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக என்னைப் பேசச் சொல்கிறார் என்றேன். சிரிக்காதீர்கள், காற்று போகும் என்றும் சொன்னேன்.

14:40
பேசிக்கொண்டே இருக்கிறேன். இவர் குறட்டை, இவர் தங்கை, உப்பில்லாத சாம்பார். தொண்டை கட்டிவிட்டது. ஏற்றம் 59 சதவீதம். இவர் கதவில் ஒரு தட்டு தட்டினால், நான் பேசுவதைக் கேட்கிறார் என்று அர்த்தம்.

15:21
"வேலு. பதிவுல ஒன்னய எழுதாத. மிசினு கெட்டுப்போச்சுன்னு எழுது. அந்தப் பிள்ள ரோஸ்லினயும் திட்டாத."

சரி என்றேன். ஒரு தட்டு கேட்டது.

15:33
தட்டு இல்லை.

15:38
இல்லை. பேசுகிறேன்

15:54
கதவு திறந்தது.

16:30
உள்ளே இழுத்து வந்தேன். உருளை மாட்டினேன். மாட்டினேன். முகம் துடைத்தேன்.

மிசின் கெடவில்லை. அது சொன்னதைச் செய்தது. நான்தான் அழுத்தினேன். இவர் சொல்படி எழுத என்னால் முடியவில்லை.

ரோஸ்லின்: "அக்கா, இந்நேரம் கதவு தெறந்திருக்கும். அண்ணன் வந்தாச்சா? அவரு கொரலக் கேக்கணும்க்கா. அவர் தங்கையும் இங்கதான் நிக்காங்க."

பதில் அனுப்பினால் இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவரை அங்கே இவர் உயிரோடிருக்கிறார்.

17:45
மறுபடி கேட்கிறார்கள்.

19:10
இன்னும் அனுப்பவில்லை.