பேனல் கதவின் உட்பக்கம்

மார்ச் 14, காலை 10.40. பதினோரு அளவுகள், ஒன்றுகூட அழியவில்லை.

அன்புள்ள குண்டூசிக்கு, அப்பா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் இதற்குள் பணம் கேட்டு போன் வந்திருக்கும். நானும் அம்மாவும் நலம். அத்தையால்தான் இன்னும் காலை ஊன்ற முடியவில்லை. நான் பராமரித்த லிஃப்டில் நாலாவது மாடித் தையல் கூடத்துக்கு வேலைக்குப் போன என் அக்கா, வெளியே கால் வைக்கும்போது அது நழுவி இறங்கிக் காலை நசுக்கியதும், நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று மேலாளர் என்னை வேலையை விட்டு நிறுத்தியதும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று. பிறந்ததிலிருந்து என்னை ‘டா’ போட்டே கூப்பிட்டவள், போன வாரம் பார்க்கப் போனபோது “வாங்க, உக்காருங்க” என்றாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை. லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டதென்று புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை எழுதினேன் என்றால், “எழுதுன பக்கம் எங்கங்க?” என்கிறாள். பக்கத்தைத்தான் கிழித்துவிட்டார்களே.

இன்று என் கருவிப் பையை எடுத்துப்போக மேலாளர் வரச் சொன்னார். மொட்டை மாடி மோட்டார் அறைச் சுவரில் நான் எழுதிவைத்திருந்த லைனிங் தடிமன் அளவுகளின் மேல் புது பெயிண்ட், வாடைகூடப் போகவில்லை. அவர் கையில் ஒரு உறை, ஒரு தாள். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டால் ஆறு மாதச் சம்பளம். “வாங்கிக்கிட்டு சமாதானமா போயிடு தம்பி, மனசு ஆறிடும்” என்றார். உடனே உன் கடிதம் ஞாபகம் வந்தது. ஆங்கிலத்தில் ‘பே’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்குச் சமாதானப்படுத்துவது, கோபத்தைத் தணிப்பது என்றுதான் அர்த்தம், கூலியும் விலையும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை என்று எழுதியிருந்தாயே. வேலையற்ற ஆராய்ச்சி என்று நினைத்தேன், தப்பு. அந்தச் சொல் எதற்குப் பிறந்ததோ அதைத்தான் இந்த மனிதர் லத்தீன் தெரியாமலே செய்துகொண்டிருந்தார். கப்பல் பலகை இடுக்கில் தார் பூசி அடைப்பதையும் ‘பே’ என்பார்கள், ஆனால் வேர் வேறு என்றாய். பெயிண்ட் டப்பாவோடு அதையும் முடித்து வைத்திருந்தார். எனக்கு ஆற வேண்டாம். சூடாகவே இருக்கட்டும்.

சுவரைப் பூசியவர்கள் கண்ட்ரோல் பேனலைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். சுவரில் எழுதுவதைக் கதவின் உட்பக்கத்திலும் மார்க்கரால் எழுதுவது என் பழக்கம். பதினோரு அளவுகளும் தேதியோடு இருந்தன. கடைசி மூன்றுக்குப் பக்கத்தில், மூச்சு வாங்க மேலாளரை மாடியேற்றிக் காட்டியபோது அவரே போட்ட சுருக்கொப்பம்! படம் எடுத்தேன். “பேசிக்கலாம் தம்பி” என்றார். லிஃப்ட் ஆய்வாளர் முன்னால் பேசுவோம் என்று சொல்லி, உறையை அவரிடமே விட்டுவிட்டுத் தாளை மட்டும் பையில் போட்டு வந்துவிட்டேன்.

நீயும் எதை அளந்தாலும் தேதி போட்டு இரண்டு இடத்தில் எழுது. படிக்காமல் கையெழுத்துப் போடாதே. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் அதுதான்.

அப்பா

இனி நான் செய்யப்போவது:
1. படங்களை மூன்று பிரதி எடுத்து, அந்தத் தாளோடு ஒன்று லிஃப்ட் ஆய்வாளருக்கு, ஒன்று கட்டட உரிமையாளருக்கு. இன்றே.
2. சமாதானம் பேச யார் வந்தாலும் வாசலோடு சரி.
3. மேலாளரை விசாரிக்கும் நாளில் முதல் நாற்காலியில் உட்காருவேன்.
4. மூன்றாவது பிரதி அத்தைக்கு. “இத முன்னாடியே காட்ட என்னடா கேடு உனக்கு” என்று அவள் திட்டும்வரை கட்டில் பக்கத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.