வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பாடம்

அன்பு மனைவிக்கு,

நானும் மகளும் நலம். உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடிக்கச் சோம்பல்படாதே.

நேற்று லிஃப்ட் கூண்டின்மேல் நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி கேட்டார், "உன் வீட்டுக்காரம்மா காலேஜ்ல என்ன படிக்கிறாங்க?" இன்னும் எந்தப் பாடம் என்று முடிவு பண்ணவில்லை என்றேன். "சேர்ந்து ஒரு வருஷமாச்சே, உன் மகள் காலேஜ்ல சேர்ந்த அன்னைக்கே தன் பாடத்தைச் சொல்லிட்டாளே" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. பதினெட்டு வயதில் உன்னை யாரும் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். இருபத்துநாலு வருஷம் அடுத்தவர் பெயரையும் நோயையும் எழுதிய கை அது. யோசிக்க ஒரு வருஷம் அதிகமா?

மகளிடம் இதைச் சொன்னேன். "அம்மாவைப் பார்த்தா பொறாமையா இருக்குப்பா. நான் படிவத்துல முதல்ல இருந்ததை டிக் அடிச்சிட்டேன். எனக்கும் ஒரு வருஷம் கிடைச்சிருக்கலாம்" என்றாள்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நிர்வாகப் பாடம் எடுத்தால் அடுத்த வருஷமே முடித்துவிட்டு வந்துவிடலாம், ஆஸ்பத்திரியில் பதவி உயர்வும் உண்டு என்று நாலு வரி. அப்புறம் இரண்டு பக்கம் முழுக்கப் பாறையைப் பற்றித்தான். ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார்களாம், சுத்தியலால் நீயே ஒன்றை உடைத்தாயாம், உள்ளே வரி வரியாக இருந்ததாம். நீ வரைந்த படத்தைப் பேராசிரியர் வகுப்பு முழுக்கக் காட்டியதை மட்டும் கடைசியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். "அம்மா எப்பவோ முடிவு பண்ணியாச்சு, நம்மகிட்ட சொல்லத்தான் தயக்கம்" என்றாள் மகள்.

பாறைப் படிப்பான நிலவியல் என்றால் இன்னும் மூன்று வருஷம் என்பதை நீ எழுதவில்லை. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். பாடத்தை எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாமே.

இன்று காலை மேஸ்திரியிடம் நானே போய், "பாறையைப் பத்திப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டேன். சாவி எடுக்க வந்த காவலாளியிடமும் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்றாலும். இனி நீ வேறு எதையாவது எழுதினால் மானம் போவது எனக்குத்தான்.

சமையல் வாயில் வைக்கும்படி இருக்கிறது. துணி வாரம் இரண்டு முறை துவைக்கிறோம். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதற்கும் பழகிக்கொள்வேன்.

ஆசைப்பட்டதைப் படி, நன்றாக இரு. விடுமுறை தேதி தெரிந்ததும் அன்றைக்கே எழுது.

உன் வீட்டுக்காரன்