அம்மாவுக்கு என்று எழுதிய பென்டிரைவ்

செப்டம்பர் 3

மழை. குடிநீர் நிலையத்துக்குப் புதுக் கணினி வந்தது. பென்டிரைவ் செருகும் துளைகளை நானே பசை வைத்து அடைத்தேன். பராமரிப்புக்காக ஒன்றே ஒன்றை விட்டிருக்கிறேன். அதற்கும் பூட்டு உண்டு. சாவி என்னிடம். என்னோடு வேலை பார்க்கும் மிங்குவெய், இங்கே எல்லோரும் எந்திரங்களுக்கு ராசிக்காக வைக்கும் பச்சைத் தின்பண்டப் பை ஒன்றை வழக்கம்போல் கணினியின் தலையில் வைத்தான். “இதை வெச்சா சமத்தா இருக்கும்க்கா. பசை எதுக்கு?”

ஊருக்குப் போகும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் விழவேண்டும் என்று அந்தக் கணினிதான் சொல்கிறது. அதற்கு இணையம் கிடையாது. கெட்டது வந்தால் யாராவது கையில்தான் வரவேண்டும்.

செப்டம்பர் 9

என் ஸ்கூட்டர் இருக்கையில் ஒரு பென்டிரைவ். மேலே அச்சிட்ட சீட்டு: “அம்மாவுக்கு — சுங்யான்.”

தோசெங் கடல் என் மகனைக் கொண்டுபோய் மூன்று வருடம். உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் நான் இணையத்தில் எழுதுவதை யாரும் படிக்கலாம். யாரோ விளையாடுகிறார்கள். அதை நிலைய வாசல் புதரில் வீசிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10

காலையில் புதரில் தேடினேன். இல்லை. ஏன் தேடினேன்?

செப்டம்பர் 16

வீட்டுத் தபால் பெட்டியில் இன்னொன்று. அதே சீட்டு. அவன் படத்துக்கு முன்னால், ஊதுவத்திச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டுக் கணினியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

செப்டம்பர் 18

இன்று என் மேசை இழுப்பறைக்குள். கட்டுப்பாட்டு அறையில். இங்கே என்னையும் மிங்குவெய்யையும் தவிர யாரும் வருவதில்லை.

இந்தச் சீட்டில் கூடுதலாக ஒரு வரி: “குரல், 4 நிமிடம்.”

நாலு நிமிஷம். நாலே நிமிஷம். உடம்பு கிடைக்கலையே — எங்கேயாவது இருந்தா? சாவியை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. பூட்டு திறந்திருந்தது. பென்டிரைவ் என் கையில் சூடாக இருந்தது. திரையில் குளோரின் அளவு, எப்போதும்போல, 0.6.

“அக்கா, பூட்டு ஏன் திறந்திருக்கு?”

மிங்குவெய், கையில் தேநீரோடு. இதை வைத்தது நீயா என்று கேட்டேன். “ஆமாக்கா. வாசல் கேட் பக்கத்துல கிடந்துது. உங்க பையன் பேரு போட்டிருந்துச்சு, நீங்க தவறவிட்டதுன்னு நெனச்சேன்.”

பூட்டினேன். சாவியை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 19

எதோடும் இணைக்காத பழைய சோதனைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். இரண்டே கோப்புகள். ஒன்று படம்: மரப்பாலத்தின் மேல் சுங்யான், வெள்ளைச் சட்டை, சிரிக்கிறான். நான் எங்கேயும் போட்ட படமில்லை. பார்த்ததே இல்லை.

இன்னொன்று “குரல்”. சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஒலிக்கோப்பே இல்லை, அந்தப் பெயரில் ஒளிந்திருக்கும் ஒரு நிரல்.

மிங்குவெய் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, இது நான் எடுத்த படம். நம்ம ஆபீஸ் சுற்றுலால. என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருக்கு.”

பிறகு சொன்னான். அன்று புதரில் கிடந்ததை எடுத்தது அவன்தான். சீட்டு உரிந்துபோயிருந்ததாம்; யாருடையது என்று தெரிந்துகொள்ள வீட்டில் செருகிப் பார்த்திருக்கிறான். உள்ளே ஒன்றுமில்லையாம். அதற்குப் பிறகு அவன் வீட்டுக் கணினிக்குள் யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

திட்டவில்லை. நான் செருகவிருந்தது எந்தக் கணினியில் என்று அவனுக்குத் தெரியும். போலீஸுக்குச் சொன்னோம்.

அக்டோபர் 21

விசாரணை அதிகாரி வந்தார். யார் செய்தது என்று தெரியவில்லை, ஒருவேளை தெரியாமலே போகலாம் என்றார். அந்த நிரல் நாற்பது நாள் சும்மா கிடந்திருக்குமாம். பிறகு குளோரினை ஏற்றியிருக்கும். திரையில் மட்டும் 0.6 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

குரல் கொஞ்சமாவது உள்ளே இருந்ததா என்று கேட்டேன். “இல்லைங்க” என்றார், மெதுவாக.

படத்தைக் கோப்பாகத் தரமுடியாது என்று காகிதத்தில் அச்சிட்டுத் தந்தார். வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பாலத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, நானும் இருக்கிறேன். அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன்.

என்ன சொன்னான் என்று ஞாபகமில்லை.