கோபுரம் சரிந்த கிழமை

மார்ச் 3, திங்கள்
காலையிலேயே கொளுத்தும் வெயில். பன்னிரண்டாம் வகுப்பு, உடம்பின் சமநிலை. பலகையில் மனித உருவம், ஈர்ப்பு மையம், அதிலிருந்து நேரே கீழே ஒரு கோடு. "இந்தக் கோடு காலுக்கு வெளியில போனா விழுவீங்கள். அதாலதான் பஸ்ஸில காலை அகட்டி நிக்கிறம்." நன்றாகத்தான் விளங்கப்படுத்தினேன்.

பின்னேரம் விளையாட்டுப் போட்டி ஒத்திகை. எங்கள் இல்ல அணிக்கு நான் பொறுப்பு. மனிதக் கோபுரம். கீழே சுமையாவும் கஜனியும், அவர்களின் தோளில் கொடியோடு தர்சினி. நிற்கிறார்கள், ஆனால் வடிவில்லை. "என்ன பிள்ளையள், கிணத்தில தண்ணி அள்ளுற மாதிரி அகட்டிக்கொண்டு? காலைச் சேர்த்து வையுங்கோ!"

சுமையா: "ஆடுது மிஸ்."

"ரெண்டு நிமிசம்தானே, நில்லும்."

மார்ச் 4, செவ்வாய்
இன்றைய ஒத்திகையில், சேர்த்து வைத்த காலோடு விழுந்துவிட்டார்கள். தர்சினிக்கு வலது மணிக்கட்டு முறிவு. ஆஸ்பத்திரி, எக்ஸ்றே, பிளாஸ்ரர். பிள்ளை அழுத அழுகை. ஐயோ.

தர்சினியின் தாய் வந்தார். "நோன்பு பிடிச்சுக்கொண்டு அந்தச் சுமையா ஏன் மிஸ் இதுக்கு வந்தவள்? களைச்சு விழுந்திருப்பாள்." அதிபரும் தலையாட்டினார். நான் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு. சீ.

மார்ச் 5, புதன்
வாங்க: சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை.
சுமையாவை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தாயிற்று. இடைவேளையில் தனியே இருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் யாரோ: "அவளாலதான்."

மார்ச் 6, வியாழன்
சுமையாவை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டேன். வேறு ஒருவரும் இல்லை. "அண்டைக்குக் களைப்பா இருந்ததா அம்மா?"

தலை நிமிரவில்லை. "எனக்கு அண்டைக்கு நோன்பில்ல மிஸ். இடைவேளைக்கு ஒளிச்சு நிண்டு பணிஸ் சாப்பிட்டனான்."

மாதவிலக்கு. அந்த நாட்களில் அவர்களுக்கு நோன்பில்லை.

"பின்ன ஏன் சொல்லேல்ல?"

"எல்லாருக்கும் முன்னால எப்பிடி மிஸ் அதைச் சொல்றது?"

அவளுக்கு வெட்கம். எனக்கு என்ன வந்தது? போவது என் பெயர் மட்டும்தானே. அப்போதே அதிபரிடம் போயிருக்கலாம். போகவில்லை. தலையிடி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
மணி அடிக்க முன்பே அதிபரிடம் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை. "சேர், காலைச் சேர்த்து வைக்கச் சொன்னது நான். ஆடுது எண்டு சுமையா சொன்னவள், நான்தான் கேக்கேல்ல. காலைக் கூட்டத்தில எல்லாருக்கும் சொல்லவேணும்."

"இப்ப ஏன் மிஸ் அந்தக் கதை? எல்லாம் முடிஞ்சுது. நேற்றுப் பின்னேரம் அந்தப் பிள்ளை வாப்பாவோட தர்சினி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிட்டுது."