முள் வைத்த ஃபெர்ன்

அத்தானுக்கு,

ரசமும் புடலங்காய்க் கூட்டும் அடுப்பு மேடையில் மூடியிருக்கின்றன. டப்பாவில் இரண்டு அப்பளம். சாவி எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமியிடம்.

தங்கை பிரசவத்துக்காக நான் தூத்துக்குடியில் இருந்த மூன்று வாரத்தில் என் ஃபெர்னுக்கு என்ன ஆனது? நான் விட்டுப்போன செடிக்குக் கறுத்த தண்டு, விசிறி போல் குட்டி இலை. இப்போது தொட்டியில் இருப்பதற்கு ஊசி இலை, முள் வேறு. கேட்டால், "எல்லாம் ஃபெர்ன்தாம்ளா, வளர வளர எலை மாறும்" என்கிறீர்கள். காலேஜில் தாவரவியல் நடத்தும் மாமி பார்த்துச் சிரிக்கிறார். "இது ஃபெர்னே இல்லடி, தண்ணீர்விட்டான் கிழங்கு ஜாதி. கடையில எல்லாத்தையும் ஃபெர்ன்னுதான் விக்கறா."

இதை யார் வந்து வாங்கினார்கள் என்று விசாரிக்க அடையாறு நர்சரிக்குப் போகிறேன்.

வடிவு

பி.கு.: பின்கதவைப் பூட்டப் போனேன். விறகுக்குப் பின்னால் என் பழைய தொட்டி இருக்கிறது. செடி கருகிவிட்டது, மண் மட்டும் ஈரமாக இருக்கிறது. குடிதண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைக்கிற தெருவில், செத்த செடிக்குத் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது? அதை நர்சரிக்காரனிடம் கேட்க முடியாது.

டப்பாவில் இன்னும் இரண்டு அப்பளம் போட்டிருக்கிறேன்.