சுடர்மாடத்தில் நிற்பவர் பெயரைக் கூவற்க

நலம் பெருகுக. கடல் அமைக, கரை வாழ்க. வெண்சங்கக் கொடி உயர்த்தவரும், அலை அடக்கிய பெருங்கலங்களின் தலைவியும், நெய்தலங்கரை நாடுடைய அரசியுமான நெடுநல்லாள் ஓலை. சுழிமுனைப் பட்டினத்து ஊரவையார் கண்டு தெளிக. உங்கள் வலைகள் நிறைக. உங்கள் கிணறுகள் இனிக்க.

காற்றுத் திரும்புமுன் துறை புகாவிடில் நம் கலங்கள் பாறையில் மோதிச் சிதறும் என்பதையும், சுடர்மாடத்து உச்சியில் விளக்கு எரியாமல் எந்த மாலுமியும் அத்துறைக்குள் நுழையத் துணியான் என்பதையும் நீவிர் அறிவீர். மாடம் எழுந்துவிட்டது, விளக்கு எரியும் வெண்கலத் தகழியை உச்சியில் இருத்துவது ஒன்றே எஞ்சியிருந்தது. அதற்கு முன்வந்தவள் சாரம் கட்டும் கொற்றி. அவள் கணவன் நாம் ஏறிவந்த கலத்தில் துடுப்பு வலிப்பவன்.

சாரம் கட்டுவோரிடையே ஒரு வழக்கம் உண்டு. உயரத்தில் நிற்பவரைக் கீழிருந்து பெயர் சொல்லி எவரும் அழையார். பெயர் கேட்டால் தலை திரும்பும். தலை திரும்பினால் கால் தவறும். ஆகவே கயிற்றை இழுத்தே அவர்கள் பேசிக்கொள்வர். இது நம் அரண்மனைக் கட்டியக்காரன் வெண்ணாகனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் வாய் சும்மா இருந்திராது.

கொற்றி உச்சிப் பலகையில் கால் வைத்த நேரம் பார்த்து, அவன் கொம்பு ஊதுவித்து, முகில் தொட்ட நங்கை என்றும் விண்ணளந்த வீரி என்றும் அடுக்கி, அவள் பெயரைத் தொண்டை கிழியக் கூவினான். கொற்றி திரும்பினாள். பலகை புரண்டது. இடுப்புக் கயிறு ஒன்றே தாங்க, அவள் அந்தரத்தில் தொங்கினாள். காற்று அவளைச் சுவரில் அறைந்தது என்று துறைத்தலைவர் பின்னர் நமக்குச் சொன்னார்.

ஊரே அலறியது. கீழே கயிறு பிடித்திருந்த அவள் தங்கை பூதி மட்டும் வாய் திறக்கவில்லை. கயிற்றை ஒருமுறை மெல்ல இழுத்தாள். இறக்கட்டுமா என்பது அதன் பொருள். மேலிருந்து கொற்றி இருமுறை இழுத்தாள். தகழியை அனுப்பு என்பது அதன் பொருள்.

உள்ளங்கைத் தோல் உரிய அவள் கழியைப் பற்றி மீண்டும் ஏறினாள், தகழியை இருத்தினாள், எண்ணெய் வார்த்தாள், பொழுது சாய்ந்ததும் சுடர் ஏற்றினாள். நடுக்கடலில் நாம் அதனைக் கண்டோம். துடுப்பை விட்டு எழுந்த அவள் கணவன் வாய்விட்டு அழுதான். அவனைக் கண்டு நாமும் அழுதோம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நம் கலங்கள் யாவும் கீறல் படாமல் துறை புகுந்தன.

பரிசு யாது வேண்டும் என்று நாம் வினவியதற்கு, மேலே நிற்கும்போது தன்னை யாரும் கூப்பிடாதிருந்தால் போதும் என்றாள் கொற்றி.

ஆகவே நம் ஆணை. இனி நம் நாட்டில் உயரத்தில் நிற்பவர் பெயரைக் கீழிருந்து எவரும் கூவலாகாது. அரசியே வந்து நின்றாலும் ஆகாது. கொற்றியின் பெயரைத் தகழியின் அடியில் உச்சிக் கல்லில் வெட்டுக. ஏறி வருவோர் அங்கே வாசித்துக்கொள்ளட்டும். வெண்ணாகன் இக்கார்காலம் முழுதும் மாடத்துக்கு எண்ணெய் சுமந்து ஏறுவானாக. அவன் ஏறும்போது எவரும் அவனைப் புகழ வேண்டா.

வெண்சங்க இலச்சினை இட்டோம். அச்சுடர் எரியும் நாள்வரை இவ்வாணை நிற்க. ஊரவையில் இவ்வோலையை வாசிப்பவனும் வெண்ணாகனே ஆகுக. அவ்வேளை கொற்றி மாடத்தின்மேல் இருந்தால், மெல்ல வாசிக்க.